குரலை வைத்துப் பறவையைக் கண்டுகொள்ள: மாறாத குரல்களில் தொடங்குங்கள்

காலையில் மொட்டைமாடியில் நின்றால் ஏழெட்டுக் குரல் கேட்கிறது, கண்ணில் படுவதோ காகமும் மைனாவும்தான். குரலை மட்டும் வைத்துப் பறவையைச் சொல்வது எப்படி, எதில் தொடங்குவது, நம் தமிழ்நாட்டுப் பறவைகளில் எந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி வீட்டுக்கு மேலே எதுவோ ‘குவாக்’ என்று கத்திக்கொண்டு போகிறதே, அது என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எந்த வரிசையில் கற்பது என்று பார்ப்போம். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பாடும் பறவைகளில்தான் கை வைப்பார்கள். தோட்டங்களில் பாடும் கறுப்பு வெள்ளைக் குருவியான குண்டுகரிச்சானின் ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்துக் கேட்பார்கள். பத்துப் பதிவும் பத்து மாதிரி இருக்கும். ‘நமக்குக் காது போதாது’ என்று விட்டுவிடுவார்கள். காதில் ஒரு குறையும் இல்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை.

சில பறவைகள் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. குஞ்சாக இருக்கும்போது பெரிய பறவைகள் பாடுவதைக் கேட்டு, அரைகுறையாக முனகிப் பழகி, பிறகு தன் பாட்டைப் பிடிக்கும். குண்டுகரிச்சான், தேன்சிட்டு, சின்னான், தையல்சிட்டு எல்லாம் இந்தக் கூட்டம். உலகிலுள்ள சுமார் 11,000 பறவை இனங்களில் கிட்டத்தட்ட பாதி இப்படித்தான். கற்றது என்பதால் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். மற்றக் கூட்டத்துக்குக் குரல் பிறவியிலேயே வருகிறது. குயில்கள், குக்குறுவான்கள், புறாக்கள், ஆந்தைகள், பக்கிகள், ஆள்காட்டிகள், கௌதாரி, எல்லாம் இதில் சேரும். இதற்குக் குயிலைவிட நல்ல சாட்சி கிடையாது. அது வளர்வது காக்கைக் கூட்டில். தினமும் காதில் விழுவது காக்கையின் கரைதல். ஆனாலும் வளர்ந்த ஆண்குயில் ‘குஊ’ என்றுதான் கூவுகிறது, ஒருநாளும் ‘கா’ என்பதில்லை.

ஆகவே முதல் ஆறு மாதம் இந்த மாறாத குரல்களோடு மட்டும் இருங்கள். கடையநல்லூரில் கேட்ட குக்குறுவான்தான் காஞ்சிபுரத்திலும் கேட்கும்.

குயிலையே எடுத்துக்கொள்வோம். ஆணின் கூவல் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் சுருதி ஒரு படி ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். ஆனால் பெண்குயிலின் குரல் பலருக்குத் தெரியாது. ‘கிக்-கிக்-கிக்-கிக்’ என்று பதறியடித்துக் கத்தும், பெரும்பாலும் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது. அதைக் கேட்டுவிட்டு ‘ஏதோ புதுப் பறவை’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஏறிக்கொண்டே போகிற இன்னொரு குரல் அக்காக்குயிலுடையது. அதில் மூன்று அசை உண்டு, நடு அசையில் அழுத்தம் விழும். ஐந்தாறு தடவை சொல்லிச் சொல்லி, வெறி பிடித்த மாதிரி மேலே போய் அறுந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் அடியிலிருந்து ஆரம்பிக்கும். நிலா வெளிச்சத்தில் ராத்திரியெல்லாம் கூப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிற பறவை இது. செம்போத்து இதற்கு நேர் எதிர். ‘ஊப்-ஊப்-ஊப்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும். கனத்த தாழ்ந்த குரல் என்பதால் புதர், வேலி எல்லாவற்றையும் தாண்டித் தூரத்துக்குக் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் பிடிபடாது.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? ‘இனிமையான குரல்’, ‘கீச்சுக்குரல்’ என்று குறித்து வைத்தால் பிறகு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை அசை, அழுத்தம் எந்த அசையில், சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா, இடைவெளி விடுகிறதா விடாமல் அடிக்கிறதா என்று பாருங்கள். இந்த நாலும் போதும். பிறகு உங்கள் வாயால் அதைச் சொல்லிப் பார்த்து, வந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் குரலை ஆங்கிலக்காரர்கள் ‘டிட் ஹீ டூ இட்’ என்று எழுதுவார்கள். உங்கள் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்தால் அப்படியே எழுதுங்கள். புத்தகத்தில் உள்ளதைவிடச் சொந்தமாக எழுதிய அசைகள்தான் மனதில் நிற்கும்.

இதைப் பழக நம் ஊர்ப் புறாக்களைப் போல வசதியான பறவைகள் இல்லை. மாடப்புறாவை விட்டுவிட்டால், வீட்டைச் சுற்றி மூன்று காட்டுப்புறாக்கள் உண்டு. மூன்றும் ‘கூ’ என்றுதான் சொல்கின்றன, மூன்றும் வேறு தாளத்தில். கள்ளிப்புறா மூன்றே அசை: ‘கு-கூஊ-கு’. நடுவில் அழுத்தம், கடைசி அசை சட்டென்று அறும். அலுக்காமல் இதையே சொல்லிக்கொண்டிருக்கும். சின்னத் தவிட்டுப்புறா மெல்லிய குரலில், உள்ளுக்குள் சிரிப்பதுபோல ‘கு-கு-குரு-கு-கு’ என்று ஐந்தாறு அசையை வேகமாக உருட்டிவிடும். புள்ளிப்புறாவிடம் ஒரு கரகரப்பு இருக்கும். ‘குர்ரூ... க்ருக்... குரூ’ என்று நடுவே நாக்கு தடுக்கிய மாதிரி ஓர் இடம் வரும். அந்தத் தடுக்கலைப் பிடித்துவிட்டால் போதும். வறண்ட முள்காட்டுப் பக்கம் கள்ளிப்புறா, வீட்டு முற்றத்திலும் சுவர் ஓரத்திலும் தவிட்டுப்புறா, மரமடர்ந்த தோட்டத்தில் புள்ளிப்புறா என்று இடமும் ஓரளவு கைகொடுக்கும். நம் மாநிலப் பறவையான மரகதப்புறா இவற்றில் சேராது. அது காட்டுக்குள் தரையோடு தரையாக ‘ஹ்ம்ம்... ஹ்ம்ம்’ என்று மூக்கால் முனகும். பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

அடுத்து செம்மார்புக் குக்குறுவான். வெயில் ஏறி மற்ற எல்லாம் அடங்கிய பிறகும் ஆலமரத்திலோ அரசமரத்திலோ ‘டுக்... டுக்... டுக்’ என்று விடாமல் கேட்கிறதே, அதுதான். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒரே சுருதியில் அடிக்கும். தொலைநோக்கி இருந்தால் கூப்பிடும்போது ஒரு தடவை பாருங்கள். அலகு மூடியே இருக்கும். தொண்டையின் இரண்டு பக்கமும் தோல் உப்பி உப்பி அடங்கும். ஒவ்வொரு ‘டுக்’குக்கும் தலையை ஒரு பக்கம் திருப்பும், அதனால் சத்தம் இங்கேயிருந்து ஒன்று, அங்கேயிருந்து ஒன்று வருவதாகத் தோன்றும். இரண்டு பறவை என்று நினைத்துத் தேடுவது வீண்வேலை. மேற்கு மலைப்பக்கம் போனால் இதன் உறவுக்காரரான மலபார் குக்குறுவானும் இதே மாதிரி அடிக்கும், ஆனால் வேகம் கூடுதல். அங்கே காட்டை நிறைப்பது வெண்கன்னக் குக்குறுவான். ‘ட்ர்ர்ர்’ என்று ஓர் உருட்டலில் ஆரம்பித்து ‘குட்ரூ-குட்ரூ-குட்ரூ’ என்று நிமிடக்கணக்கில் போகும். ஒன்று ஆரம்பித்தால் அடுத்த மரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும். வால்பாறை, கொடைக்கானல் அடிவாரம் என்று எங்கே போனாலும் இந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும். அதனாலேயே இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

எனக்குப் பிடித்த குரலைக் கேட்டீர்கள். பலர் சீகாரப்பூங்குருவியைச் சொல்வார்கள், அதற்கும் வருகிறேன். எனக்குப் பக்கிகள்தான். பக்கியைப் பகலில் பார்த்தவர்கள் குறைவு. சருகு நிறத்தில் சருகோடு சருகாகத் தரையில் படுத்திருக்கும். மிதிபடப்போகிறது என்கிற வரை எழுந்திருக்காது. ராத்திரி வண்டி வெளிச்சத்தில் மண்பாதையில் சிவப்பாக ஒரு கண் மின்னும், அவ்வளவுதான். இனங்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பதால் படம் எடுத்துக் காட்டினால்கூட தேர்ந்தவர்கள் தயங்குவார்கள். வாயைத் திறந்தால் குழப்பமே இல்லை. இந்தியப் பக்கி, கல்தரையில் போட்ட பிங்பாங் பந்து துள்ளித் துள்ளி அடங்குவது மாதிரி ‘சக்... சக்... சக்-சக்-சக்-ர்ர்ர்’ என்று நெருங்கிக்கொண்டே போய் முடியும். ஜெர்டான் பக்கி நடுங்குகிற குரலில் ‘ச்வோ-வோ’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும். பிராங்க்ளின் பக்கி பறந்துகொண்டே காதைக் கிழிக்கிற ஒற்றைச் சத்தம் போடும். பொழுது சாய்ந்து அரை மணி நேரம், ஊருக்கு வெளியே கரட்டுப் பக்கம் போய் நின்றால் போதும். பார்த்துப் பெயர் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டுச் சொல்லிவிடலாம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆறுமணிக்குருவியும் இந்த மாறாத கூட்டத்துக்காரர்தான். ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து சித்திரை வரை நம் தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் தங்கும். விடிகிற நேரமும் அந்தி நேரமும் ‘வீட்-டியூ’ என்று இரண்டே அசையில் ஒரு சீழ்க்கை அடிக்கும். ஒன்பது வண்ணம் கொண்ட பறவை, ஆனால் நிழலுக்குள் இலையைக் கிளறிக்கொண்டு நடப்பதால் குரல் இல்லாவிட்டால் அது வந்திருப்பதே தெரியாது. வந்த புதிதில் களைத்துப்போய் வீட்டுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் புதர் ஓரத்தில் விட்டுவிடுங்கள்.

சரி, இவையெல்லாம் பழகியாயிற்று. அப்புறம்தான் பாடகர்கள். பாடும் பறவைகளுக்கு ஒலி பிறக்கும் இடம் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற கவட்டில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே இயக்க முடியும் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம்கூட எழுப்பும். இவற்றிடம் பாட்டை மனப்பாடம் செய்யாதீர்கள், பாடுகிற தோரணையைப் பிடியுங்கள். குண்டுகரிச்சான் விடியுமுன்னே கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, ஒரு வரி பாடி, நிறுத்தி, அடுத்த வரியை வேறு மாதிரிப் பாடும். அந்த ‘ஒரு வரி, ஒரு நிறுத்தம்’தான் அடையாளம். மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் அதே பறவை ‘ச்ர்ர்’ என்று கடுகடுப்பதோடு சரி, பாட்டே இருக்காது. தையல்சிட்டு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் ‘டுவிட்-டுவிட்-டுவிட்’ என்று அது போடுகிற சத்தத்தைக் கேட்டால் மைனா அளவுப் பறவையைத் தேடுவீர்கள். சாம்பல் கதிர்க்குருவி புதரிலிருந்து புதருக்குத் தத்தும்போது ‘டிட்-டிட்-டிட்’ என்று பொறி பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். வெண்புருவச் சின்னான் புதருக்குள்ளிருந்து திடீரென்று கொப்பளித்துவிட்டு அடங்கும், வெளியே வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘சிக்-சிக்-சிக்-சிக்’ என்று பத்து நிமிடம் ஒரே தாளத்தில் தோட்டத்தில் கேட்டால், பறவைப் பட்டியலைப் புரட்டுமுன் மரத்தில் அணில் இருக்கிறதா என்று பாருங்கள். வாலை ஆட்டி ஆட்டி அதுதான் கத்திக்கொண்டிருக்கும்.

பெரிய ஏமாற்றுக்காரர் கரிச்சான். வயல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி, வைரி என்ற சின்ன வேட்டைப்பறவையின் ‘டி-டூ’வை அப்படியே எடுத்துவிடும். மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் ஒருபடி மேல். கொண்டைப் பாம்புக்கழுகு, சிலம்பன், மரங்கொத்தி என்று ஐந்து நிமிடத்தில் ஒரு காட்டையே ஒப்பித்துவிடும். வெறும் விளையாட்டு இல்லை இது. பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் கூட்டத்தில், மற்றப் பறவைகளின் குரலைப் போட்டு அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது என்று இலங்கையின் சிங்கராஜக் காட்டில் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அசலையும் போலியையும் பிரிப்பதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அசல் பறவை தன் குரலையே திரும்பத் திரும்பச் சொல்லும். கரிச்சான் ஒன்றிரண்டு தடவையோடு அடுத்ததற்குத் தாவிவிடும், நடுவில் தன்னுடைய கரகரத்த குரலையும் கலந்துவிடும். வால்காக்கையும் காதைக் குழப்பும். குழல் மாதிரி இனிமையாக ஒன்று சொல்லிவிட்டு உடனே கர்ணகடூரமாக ஒன்று சொன்னால் பெரும்பாலும் அதுதான்.

மலைக்கு வந்தால் சீகாரப்பூங்குருவி. ஓடை ஓரத்தில், இருட்டு பிரியாத வேளையில், ராகம் தெரியாத ஆள் ஒருவர் தன்போக்கில் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும். எந்த இடத்தில் எந்தச் சுரம் வரும் என்று ஊகிக்கவே முடியாது. அதன் மற்றொரு குரல், தண்ணீர் இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வரும் ‘க்ரீஈ’ என்ற ஒற்றைக் கூச்சல், அதைத்தான் நீங்கள் அதிகமும் கேட்பீர்கள். சோலைக்காட்டுத் தரையில் பாடும் சோலைக்கிளிகளும் கேட்கத் தகுந்தவை (கிளி இனம் இல்லை, நீலமான ஒரு சின்னப் பறவை). பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பது இன்னோர் இனம். 2017-இல் இவற்றுக்கு ‘சோலிகோலா’ என்ற புதுப் பேரினமே வைத்தார்கள். அகத்தியமலைப் பக்கம் இருப்பதை மூன்றாவது இனமாகவும் பிரித்தார்கள். மலைக்கு மலை பாட்டும் மாறுகிறது. ஆக, கொடைக்கானலில் பழகிய பாட்டை எதிர்பார்த்து ஊட்டியில் காத்திருந்தால் ஏமாறுவீர்கள்.

குளிர்கால இலைக்கதிர்க்குருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் வந்து மாட்டுவீர்கள். புரட்டாசி தொடங்கிப் பங்குனி வரை மர உச்சியில் பச்சையாக, துறுதுறுவென்று, ஒன்றுபோல் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தன் ஊரில் ஒரே இனமாக எண்ணியிருந்த இலைக்கதிர்க்குருவிகளை மூன்று என்று பிரித்ததே பாட்டை வைத்துத்தான். இங்கே அவை முழுப் பாட்டும் பாடுவது அரிது, ‘சி-வீ’ போல ஒரு சின்ன அழைப்புதான் துப்பு. கீழே புதரில் ‘டக்... டக்’ என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரிக் கேட்டால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. இந்தக் கூட்டத்தை இரண்டாவது வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்த மெல்லிய உச்சக் குரல்கள் முதலில் காதிலிருந்து நழுவும், அதனால் இள வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

செயலிகள் பற்றி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின், 2021-இல் ஒலியைக் கேட்டு அடையாளம் சொல்லும் வசதியோடு வந்தது. இப்போது நம் பறவைகளையும் அறியும். தொகுப்பைத் தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் நீங்கள் ஒரு பெயர் சொன்ன பிறகு திரையைப் பாருங்கள். முதலிலேயே திரையைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும். கரிச்சானின் போலிக்குரலுக்கு அதுவும் ஏமாறும், தவளையையும் வண்டையும்கூடப் பறவை என்று சொல்லும். ஒப்பிட்டுக் கேட்க, பறவைகளின் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஸீனோ-காண்டோ என்ற இணையதளம் இருக்கிறது. 2005-இல் நெதர்லாந்தில் தொடங்கியது, இலவசம். அதில் நம் பக்கத்துப் பதிவுகளாகப் பார்த்துக் கேளுங்கள். பார்த்த, கேட்ட பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில், குரலை மட்டும் கேட்ட பறவையையும் உங்கள் பட்டியலில் தயங்காமல் சேர்க்கலாம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான் செய்கிறோம்.

ஒன்று மட்டும் வேண்டாம். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலையே போனில் சத்தமாகப் போடுவது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டையும் இரையையும் விட்டு அலையும். ஆந்தையிடமும் ஆறுமணிக்குருவியிடமும் இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இனி உங்கள் ராத்திரிப் பறவை. ஒற்றையாக ‘குவாக்’ என்று கேட்டு, சில நொடி கழித்துக் கொஞ்சம் தள்ளி இன்னொரு ‘குவாக்’ கேட்டால், அது வக்கா. பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு இருட்டியதும் குளத்துக்கோ கழிமுகத்துக்கோ இரை தேடிப் போகிற கொக்கு. மூன்று, நாலு கிலோமீட்டருக்குள் நீர்நிலை இருந்தால் ஏறக்குறைய உறுதி. குரல் நகராமல், தரைப்பக்கமிருந்து ‘பிக்-பிக்-பிக்-பிவிக்’ என்று ஏறி அழுவதுபோல வந்தால் அது கண்கிலேடியாக இருக்கலாம். மழை பெய்த பிறகு புதருக்குள்ளிருந்து ‘க்ர்ர்-குவாக்-குவாக்’ என்று விடிய விடியத் தொடர்ந்தால் கானாங்கோழி. அடுத்த தடவை கேட்கும்போது மணி என்ன, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயிற்று, எத்தனை நொடி இடைவெளி என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். போனில் பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, பின்னால் மின்விசிறி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.